சிவப்பு விளக்குக்குப் போர்த்திய துண்டு

ஆம்ப்ளிபயரில், தெம்புக்கு மீறி விரட்டினால் எரிகிற ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. எப்போதாவது மினுங்கினால் பரவாயில்லை. ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அது அணையாமலே எரிந்தது.

பேட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். அன்று மேடைக்கு இரண்டு பக்கமும் நின்ற ஸ்பீக்கர் பெட்டிகள் என்னுடையவை அல்ல. டவுணில் இதே தொழில் செய்யும் என் மச்சினனுடையவை. பெயிண்ட் வாசனைகூடப் போகாத புதுப் பெட்டிகள். "அத்தான், பெரிய ஆம்புல மட்டும்தான் மாட்டணும். சின்னதுல மாட்டுனீங்கன்னு தெரிஞ்சுது, உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினான்.

என் பெரிய ஆம்ப், மைதானத்தில் சுவிட்சைப் போட்டதும் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல், வண்டியில் கிடந்த சின்னதை மாட்டினேன்.

சின்னது பெரிய பெட்டியை என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். செய்யும். தெம்பில்லாத ஆம்பை விரட்டினால், அது ஒலியின் தலையைச் சீவித் தட்டையாக்கி அனுப்பும். அந்தச் சூட்டில், பெட்டியில் கீச்சு ஒலியைத் தரும் ஹாரனுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் கருகிப் போகும். பெட்டி தாங்குவதைவிட ஆம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். ஊரெல்லாம் இதை வகுப்பெடுத்தவன் நான்.

பெற்றோர் சங்கத் தலைவர் வந்தார். "சவுண்டைக் கூட்டும்வே. பின்னால ஒண்ணும் கேக்கல."

இப்படிப்பட்டவர்களுக்கென்றே மிக்சரில் எதுவும் இணைக்காத குமிழ் ஒன்று வைத்திருப்போம். அதை முழுசாகத் திருகினேன். "ஆங், இப்பம் சரி" என்று திருப்தியாகப் போனார்.

அடுத்தது மேளச் சத்தத்தோடு குழந்தைகள் நடனம். பின்வரிசையே எழுந்து கத்தியது. அவர்களிடம் அந்தக் குமிழ் செல்லாது. நிஜக் குமிழைத் திருகினேன். வந்தது சிவப்பு.

அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே வந்தான். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்த தகப்பன் மாதிரி நேராகப் பெட்டிகளிடம் போய்த் தடவிக்கொடுத்தான். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆம்ப் மேல் போர்த்தினேன்.

"என்னத்தான், ஆம்புக்குக் காய்ச்சலா?"

"கொசு, மாப்ளே."

துண்டை உருவினான். சத்தத்தை இறக்கி, பேஸை அடியோடு வெட்டினான். ஆம்பின் தெம்பையெல்லாம் குடிப்பது அந்தத் 'தொம் தொம்'தானே. விளக்கு அணைந்தது. மைதானம் கூப்பாடு போட்டது.

"இப்பம் என்ன செய்யப் போறீங்க?"

எப்போதும் பழுதாகாத என் கருவி வாய் ஒன்றுதான். பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தேன். "பின்னால நிக்கிற சொந்தபந்தமெல்லாம் முன்னால வந்து தரையில உக்காருங்க. உங்க முகத்தைப் பாத்தாத்தான் ஆடுவோம்னு பிள்ளைங்க அடம் பிடிக்குதுவ!"

கூட்டம் மேடைக்குக் கீழே வந்து அப்பியது. இருந்த சத்தமே போதுமானதாகிவிட்டது. நடனம் முடியும்வரை நான் பார்த்தது அந்த விளக்கை மட்டும்தான்.

விழா முடிந்ததும் மச்சினன் ஒரு பாட்டை மெதுவாக ஓடவிட்டு, முதல் பெட்டியின் ஹாரனில் காதை வைத்தான். பிறகு இரண்டாவதில். பிரசவ அறை வாசலில்கூட நான் அப்படி நின்றதில்லை. பாவி, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டும் உசுரோட இருக்கு. நீங்க எப்படி?"

"உசுரு பைய வந்துக்கிட்டிருக்கு, மாப்ளே."

இப்போதும் கேட்டால் பெட்டி தருகிறான். கூடவே அவனுடைய ஆம்பும் வரும். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு அவனும் உட்காருவான். நான் துண்டு கொண்டுவரக் கூடாது என்பது புது நிபந்தனை.