வேங்கைத் தம்ளரில் பிராந்தி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருப்பதி வீட்டுக்கு வந்த அக்கா மகன், வெளிநாடு போய்த் திரும்பிய கையோடு ஒரு விஸ்கி பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நல்ல வேலை; மாமனுக்குச் செய்ய வேண்டாமா? மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டி, "ஓக் பீப்பாயில ஊறினது மாமா. ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் இருக்குது, ஒடம்புக்கு நல்லதாம்" என்றான். "யார்ரா சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பாவம், பையன் முகம் சுருங்கிவிட்டது. கோபம் அவன்மேல் இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, கல்யாணத்துக்கு முன்னால் நான் சித்தூர்ப் பக்கம் ஒரு சாராயத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். பெண் பார்க்கப் போன வீடுகளில் 'மருந்துக் கம்பெனி' என்று நைனா சொல்லிவைத்திருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டு பஜ்ஜி தின்றேன்.

ஓக் பீப்பாய் கட்டுபடியாகவில்லை, உள்ளூர் மரம் ஏதாவது உதவுமா பார் என்றார் மேனேஜர். மா, பலா, வேங்கை என்று செதில்களைத் தனித்தனி ஜாடியில் சாராயம் ஊற்றி ஊறப்போட்டேன். ஓக் ஜாடியைத் திறந்தால் ஐஸ்கிரீம் கடை வாசனை. வேங்கையோ நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. சோதனைக்கு ஓர் ஊதாச் சாயம் உண்டு. ஊறின சாற்றை அதில் விட்டால், ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். வேங்கை ஓக்கையே தோற்கடித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேங்கைச் செதில் கொண்டுவந்து கொடுத்தவர் முனிரத்தினம். பீப்பாய்க் கிடங்கில் வேலை, ஊர் கார்வேட்டிநகரம். ஒரு காலத்தில் மொடாக்குடி. காளஹஸ்தியில் மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தபின், நாளெல்லாம் சாராய நெடியில் நின்றும் ஒரு சொட்டு தொட்டதில்லை. சுகர் வேறு. எங்கள் பக்கம் சுகர்க்காரர் வீடென்றால் வேங்கை மரத்தில் கடைந்த தம்ளர் இருக்கும். முந்தின நாள் ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார்கள். அவரும் குடித்தார்.

சாயம் வெளுத்த அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அவரிடம்தான் பீற்றிக்கொண்டேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"தண்ணில ஊறறத விட சாராயத்துல ஊறினா சத்து ஜாஸ்தி எறங்குதா சார்?"

"ஆமாய்யா. டெஸ்ட்ல அப்படித்தான் வருது."

"அப்ப சுகருக்கும் அதான் நல்லதா?"

வாயில் தயிர்சாதம். சாயம் வெளுத்ததுதான் எனக்குத் தெரியும். மனுஷன் உடம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதென்று சொல்லியிருக்கலாம். படித்தவன் கௌரவம் விடவில்லை. "கணக்குப்படி அப்படித்தான்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி தொழிற்சாலை கேட்டண்டை வந்து நின்றாள். வேங்கைத் தம்ளரில் தண்ணீருக்குப் பதில் பிராந்தி ஊற்றிவைத்து, காலையில் மருந்து போலக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார். ஒரு தம்ளர் இரண்டாகி, இப்போது தம்ளரே தேவைப்படவில்லை.

"கெமிஸ்ட் சார்தான் சுகருக்கு நல்லதுன்னு சொன்னாருன்னு சொல்லிக்கினே குடிக்குது சார். பொண்ணு மொகத்தக்கூடப் பாக்கறதில்ல. நீங்க சொன்னீங்களா?"

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் காதுக்குப் போனால் வேலை போகும். "நான் அப்படியெல்லாம் சொல்லலியேம்மா" என்றேன்.

"எங்க வூட்டுக்காரு குடிச்சாலும் பொய் சொல்லாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். லேபுக்குள் போய் ஜாடி கழுவினேன்.

அடுத்த மழைக்காலம் வரை முனிரத்தினம் இருக்கவில்லை. சாவுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. தொழிற்சாலையை மூடி, இடத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதான பிறகு, ஒருநாள் கார்வேட்டிநகரம் போய் அந்த வீட்டைத் தேடினேன். மகள் எங்கேயோ கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அம்மாவும் அங்கேயே போய் இறந்துவிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன விசயம் சார்?" என்றார்.

முனிரத்தினம் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?