உசனாரின் பட்டினிப் பயணம்

ஏறாவூர்ப் புடவை வியாபாரி உசனார், உன்னிச்சைப் பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம், "வழியில பச்சத் தண்ணியும் வாயில வைக்கல்ல" என்பார். மனைவி ஸகியாவும் மனமிரங்கிக் கோழிக்கறி ஆக்கிப் போடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், உன்னிச்சைக் குளம் பார்க்க ஆசைப்பட்ட ஸகியாவையும் மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். போய்வர இரண்டு நாள். நாலாம் மைல்கட்டையில் மாடு தானாகத் திரும்பி ஒரு முற்றத்தில் போய் நின்றது. எருமை வளர்க்கும் கோணாமலை தயிர்ச் சட்டியோடு வந்தார்.

"வாங்க நானா. வழமை போல ரெண்டு சட்டிதானே?"

"மாட்டுக்குத் தாகம் போல" என்றார் உசனார்.

ஸகியா ஒரு சட்டியை ஆற அமர வழித்துத் தின்று முடித்தாள்.

"இஞ்சருங்க, இன்னும் ஏழெட்டுக் கட்டை கிடக்கு. கயித்த விடுங்க. மாடு எங்கெங்க நிக்குதெண்டு பாப்பம்."