வடிவாக் கட்டச் சொன்னார்

மலாக்காவுல நாய் வச்சிருந்த வீட்டுக்காரங்க எல்லாருக்கும் அங்கமுத்துவோட டாக்சி தெரியும். நாய்க்கு ஊசி போடணுமா, வீடு மாத்தணுமா, தோட்டத்துத் தொரை சீமைக்குக் கிளம்புறாரு, நாயை இன்னொரு தொரை வீட்டுல விடணுமா, எதுவா இருந்தாலும் "அங்கமுத்துவைக் கூப்பிடுலா"ன்னுதான் சொல்வாங்க. பின் சீட்டுல கோணிச்சாக்கை விரிப்பான். நாய் கழுத்துல கயித்தைப் போடவே விடமாட்டான். கெட்டித் துணியை நெஞ்சுக்குக் குறுக்கே கொடுத்து, முன்னங்காலுக்கு அடியில எடுத்து, முதுகுல முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுலேர்ந்து ரெண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவான். நாய் உக்காரலாம், படுக்கலாம். கதவைத் தொறந்தா குதிக்க முடியாது. கண்ணாடி நாலு விரக்கடைக்கு மேல இறங்காது. யாராச்சும், "பாவம்யா, மூஞ்சிய வெளிய நீட்டிக்கட்டுமே"ன்னா வந்துது வினை. "அப்போ உங்க நாயை நீங்களே தோள்ல தூக்கிக்கிட்டு நடந்து போங்க!"ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுவான்.

"என்னா கெட்டிக்காரன்யா இவன்"னு மெச்சினா மட்டும் முகம் சுண்டிப்போயிடும். மெச்சுறவங்களுக்கு என்ன தெரியும்? அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்த வழியா வந்துச்சுன்னு அவனுக்குத்தானே தெரியும்.

அங்கமுத்து பொறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. அப்பன் ஆத்தாள் சேலத்துக்காரங்க. தோட்டத்து லோரி ஓட்டிக்கிட்டிருந்தவன், அவசரகாலம் வந்து, காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்டுங்க லோரியை வழிமறிச்சுக் கொளுத்துறாங்கன்னு பேச்சு வந்ததும், போதும்டா சாமின்னு மலாக்கா டவுனுக்கு வந்துட்டான். தெங்கேராவுல குடியிருந்த அருளம்பலம் அய்யா வீட்டுல கார் ஓட்டுற வேலை கெடைச்சுது. அய்யா யாழ்ப்பாணத்துக்காரரு, ஒரு ஆபீஸ்ல பெரிய கிராணி, அதான் குமாஸ்தா. கண்ணுல கோளாறு, அதனால மோரிஸ் மைனர் காரை அவர் ஓட்டக்கூடாது. சம்சாரம் பாலாம்பிகை அம்மா. பிள்ளை குட்டி இல்லை. பிள்ளைன்னா அது சீசர்தான், பழுப்பும் வெள்ளையுமா ஒரு நாய். கார்ல போனா அம்மா மடியில தலை வச்சுத்தான் படுக்கும்.

நல்ல மனுசங்க. அவங்க பேசுற தமிழ்தான் அங்கமுத்துவுக்குப் பாதி பிடிபடாது. சேர்ந்த புதுசுல ஒரு நாள், பின்னால ஒரு விருந்தாளியோட உக்காந்திருந்த அய்யா, "ஆறுதலாப் போ, அங்கமுத்து"ன்னாரு. வீட்டுல யாருக்கோ துக்கம்போலன்னு நெனச்சு இவன், "யாருக்குங்கய்யா ஆறுதல் சொல்லணும்?"னு கேட்டுப்புட்டான். மெதுவாப் போன்னு அர்த்தமாம்! விருந்தாளி இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. "தமிழனுக்குத் தமிழ் தெரியேல்லை"ன்னு போற எடமெல்லாம் சொல்லி வேற சிரிச்சாரு. அங்கமுத்துவுக்கு உயிரே போயிடுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டான்: இனிமே இவங்ககிட்ட ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேக்குறதில்லை. புரிஞ்சாலும் தலையாட்டு, புரியலைன்னாலும் தலையாட்டு. எவ்வளவு பெரிய மடத்தனம்!

1953ல அம்மாவுக்கு நெஞ்சுநோய் வந்துச்சு. கடல் காத்து படட்டும்னு டாக்டர் சொல்ல, கோலா சுங்கை பாருவுல ஒரு பலகை வீடு பிடிச்சு, சமையலுக்கு அன்னம்மாவையும் கூட அனுப்பி வச்சாரு அய்யா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அங்கமுத்து மருந்தும் பழமும் கொண்டு போவான். போற ஒவ்வொரு தடவையும் அம்மா இளைச்சிருந்தாங்க. வச்ச சோறு அப்படியே இருக்குன்னு அன்னம்மா கண்ணைக் கசக்கினா. "சீசரை ஒருக்கா கொண்டு வாவன், அங்கமுத்து. அவன் பக்கத்தில கிடந்தா நான் சாப்பிடுவன்"னு அம்மா கேட்டாங்க. வெளியில கட்டி வச்சுக்கிறதா இருந்தா சரின்னு டாக்டரும் சொல்லிட்டாரு.

மே மாசம் அந்தச் சனிக்கிழமை அய்யாவுக்கு ஆபீஸ். வேட்டியை மாத்திக்கிட்டே சொன்னாரு: "சீசரைப் பின் சீற்றில வடிவாக் கட்டிக்கொண்டு போ. வழியில சோதனை இருக்கு, கவனம்."

"சரிங்கய்யா"ன்னான். வழக்கம்போல தலையாட்டினான்.

வடிவாக் கட்டணுமாம். அங்கமுத்து ஊர்த் தமிழ்ல வடிவுன்னா அழகு. அம்மா ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கப் போறாங்க, நாய் அழகா இருக்கணும்னு அய்யா ஆசைப்படுறாரு, நியாயம்தானேன்னு நெனச்சான். வீட்டுல நாய்ச் சங்கிலி இருந்துச்சு. துரு ஏறிக் கெடந்தது. சே, இதைப் போட்டா லட்சணமாவா இருக்கும்? கடைக்கு ஓடிப் போயி ரோஸ் கலர்ல அகலமான பட்டு ரிப்பன் வாங்கினான். சீசரைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, சீவிவிட்டு, கழுத்துல பெரிய பூ முடிச்சாப் போட்டு, மிச்ச ரிப்பனை ஜன்னல் பக்கத்துக் கைப்பிடியில கட்டினான். பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை கணக்கா இருந்துச்சு நாய். தெருவுல போனவங்க நின்னு பாத்தாங்க. அங்கமுத்துவுக்குப் பெருமை தாங்கலை.

மஸ்ஜிட் தானா தாண்டினதும் ரோட்டுக்குக் குறுக்கே கம்பு, ரெண்டு தார் டிரம், ஓரத்துல ராணுவ லோரி. காட்டுல இருக்கறவங்களுக்கு அரிசியோ டின் மீனோ போயிடக்கூடாதுன்னு ஒவ்வொரு வண்டியையும் குடைஞ்சு பாத்த காலம் அது. மலாய்க்கார போலீஸ்காரரு பின் கதவைத் தொறந்தாரு. நாயைப் பாத்ததும் கையை இழுத்துக்கிட்டாரு. அவங்க முஸ்லிம், நாயைத் தொடமாட்டாங்க. "பிடி, பிடி, நாயைப் பிடி"ன்னு மலாய்ல சத்தம் போட்டாரு. அங்கமுத்து இறங்கி அந்தப் பக்கம் சுத்தி ஓடுறதுக்குள்ள லோரி ஸ்டார்ட் ஆகி, புகைக்குழாய் டமார்னு வெடிச்சுது. சீசர் ஒரே பாய்ச்சல். பூ முடிச்சு எத்தனை நேரம் தாங்கும்? ஒரு இழுப்புல வழுக்கிக்கிட்டு அவுந்துது. நாய் வாய்க்காலைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள்ள போயிடுச்சு.

"சீசர்! டேய் சீசர்!" அங்கமுத்து வாய்க்கால்ல குதிச்சான். "பெர்ஹெந்தி!"ன்னு பின்னால துப்பாக்கி உயர்ந்துச்சு. நிக்கலைன்னா சுடுவாங்க. நின்னான். அந்தப் பக்கம் தடை செஞ்ச எடம், ஒரு ஆளும் கால் வைக்கக்கூடாதாம். கையெடுத்துக் கும்பிட்டான். தெரிஞ்ச மலாய் எல்லாத்தையும் கொட்டிக் கெஞ்சினான். "நாய்தானே, வேற வாங்கிக்க"ன்னாரு ஒருத்தரு. உள்ள ரொம்ப தூரத்துல ரெண்டு தடவை குரைச்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் இல்லை. பின்னால நின்ன வண்டிங்க ஹாரன் அடிக்க, இவனை விரட்டிவிட்டாங்க.

அம்மா முகத்துல முழிக்கத் தைரியம் இல்லாம அங்கேர்ந்தே வண்டியைத் திருப்பினான். அய்யாகிட்ட வந்து நின்னப்ப வார்த்தை குழறிச்சு. அய்யா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"வடிவாக் கட்டினனியோ?"

"வடிவாத்தான் கட்டினேங்கய்யா. சத்தியமா."

"அப்ப உன்னில பிழை இல்லை"ன்னு சொல்லி நாற்காலியில உக்காந்தாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாரு. "அவளுக்குச் சொல்லாதை. தாங்கமாட்டாள். சோதனையில நாயை விடேல்லை, வீட்டில நிக்கிறான் எண்டு சொல்லு."

சொன்னான். அதோட நின்னிருந்தா பரவாயில்லை. அம்மா அவனைப் பக்கத்துல கூப்பிட்டு, "அவர் என்னைத் தேத்திறதுக்கு எதையும் சொல்லுவார். நீ பொய் சொல்லமாட்டாய். நீ சொல்லு, சீசர் சாப்பிடுறானோ?"ன்னாங்க.

"நல்லா சாப்பிடுறான்மா. நேத்து கருவாட்டுச் சோறு ரெண்டு தட்டு." அம்மா சிரிச்சாங்க. அன்னைக்கு அவங்களும் சோத்துல கை வச்சாங்கன்னு அன்னம்மா சொன்னா. அவ்வளவுதான், அங்கமுத்து மாட்டிக்கிட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கதை. சீசர் பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டினான், அம்மா சேலையை இழுத்துப் போட்டுப் படுத்தான், மழைக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சான். அம்மா உடம்பு தேறிச்சு. "எங்கட அங்கமுத்து வந்திட்டான், அன்னம்மா, கோப்பி போடு"ன்னு வாசல்லயே நின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்தக் கோப்பி அவனுக்கு உள்ள இறங்கலை.

ஜூன்ல ஒரு நாள், கடல்ல காத்து பலமா அடிச்சுது. "அங்கமுத்து, கதவை வடிவாச் சாத்து"ன்னாங்க அம்மா.

கதவுல கை வச்சவன் அப்படியே நின்னான். கதவை எப்படி அழகா சாத்துறது? அடுப்படிக்குப் போயி, வாழ்க்கையில ரெண்டாவது தடவையா அர்த்தம் கேட்டான். "அன்னம்மாக்கா, வடிவான்னா என்னா?"

"இறுக்கி, ஒழுங்கா, நல்லபடியான்னு அர்த்தம்லா. இத்தனை நாளா இவங்க வீட்டுல வேலை பாக்குறே, இதுகூடவா தெரியாது?"

அடுப்படித் தரையில உக்காந்தான். சங்கிலி வீட்டுல சும்மாதான் கெடந்துச்சு. துருதான், ஆனா அறுந்திருக்காது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதானே? சிரிப்புக்குப் பயந்து ஒரு உயிரைத் தொலைச்சுட்டோமேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டான். அப்பவே போயி சொல்லணும்னுதான் எழுந்தான். உள்ள அம்மா தட்டைக் காலி பண்ணிட்டு, இன்னும் ஒரு அகப்பை கேட்டுக்கிட்டிருந்தாங்க. திரும்பி உக்காந்துட்டான்.

செப்டம்பர்ல மலாக்காப் பக்கம் கெடுபிடி தளர்ந்துது. ரோட்டுக் கம்பெல்லாம் எடுத்துட்டாங்க. அம்மா வீடு திரும்பலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. சாமான் லோரியில அன்னம்மா முன்னாடியே போயிட்டா. பின் சீட்டுல அம்மா மட்டும். வீட்டுக்குப் போனதும் சொல்லிக்கிறேன்னு அய்யா சொல்லியிருந்தாரு. ஆனா வழி நெடுக அம்மா சீசரைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தாங்க. என்னைக் கண்டா எப்பிடிக் குதிப்பான், பார், முதல்ல கோவிப்பான், பேந்துதான் கிட்ட வருவான்னாங்க. மஸ்ஜிட் தானாவுக்கு முன்னால, அந்த வாய்க்கால்கிட்ட, அங்கமுத்துவால ஓட்ட முடியலை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பின் ஜன்னல் பக்கம் வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

ஒண்ணு விடாம சொன்னான். வடிவு, ரிப்பன், பூ முடிச்சு, லோரி வெடிச்சது, ரெண்டு தடவை குரைச்சது, அய்யா சொல்லச் சொன்ன பொய், எல்லாம். சொல்லி முடிக்கறதுக்குள்ள தேம்பித் தேம்பி அழுதுட்டான்.

அம்மா ரப்பர் மரங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "அழாதை"ன்னாங்க. "நாங்கள் கதைக்கிற தமிழ் உனக்கு எப்பிடி விளங்கும்? அது உன்ர பிழை இல்லை. பாவம், அவனைக் குளிப்பாட்டியும் விட்டிருக்கிறாய்."

அங்கமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அய்யோ, இவங்ககிட்ட இதை அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு நெனச்சான்.

"போன கிழமை அவன்ர காலில முள்ளுக் குத்தினது எண்டு சொன்னாய்"ன்னாங்க அம்மா. "நீ மடியில வச்சு எடுத்துவிட்டதாச் சொன்னாய். நொண்டி நொண்டி வந்து உன்ர கையை நக்கினான் எண்டாய். அண்டு இரவு முழுக்க நான் அழுதனான்."

அவனால நிமிர்ந்து பாக்க முடியலை.

"அவர் சொன்னது எனக்குத் தெரியும். அவரை நான் கேட்டுக்கொள்ளுறன். உன்னை நான் நம்பினனான்."

ஜன்னல் கண்ணாடியை அம்மாவே ஏத்திக்கிட்டாங்க. ஏத்துறதுக்கு முன்னாடி, வேத்து ஆள்கிட்டப் பேசுற மாதிரி ரொம்ப மரியாதையா சொன்னாங்க:

"காரை எடுங்கோ, டிரைவர்."

அதுக்கப்புறம் மூணு வருசம் அந்த வீட்டுல வேலை பாத்தான். சம்பளம் குறையலை, சாப்பாடு குறையலை, ஒரு சுடுசொல் கிடையாது. எடுங்கோ, வாங்கோ, சாப்பிட்டீங்களோன்னு அம்மா ஒரு நாள்கூட மரியாதை தப்பலை. ஒரே ஒரு தடவை நீன்னு கூப்பிடமாட்டாங்களான்னு மூணு வருசமும் காத்துக்கிட்டே இருந்தான் அங்கமுத்து.