விஜயா மொழிபெயர்த்த கிறிஸ்மஸ் படம்

சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்த ஆண்டு அது. கிறிஸ்மஸ் அன்று இருட்டும் நேரத்தில், காஜா பேராங்கில் கணேசமூர்த்தியின் பலகை வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. தெரெண்டாக் இராணுவ முகாமில் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கணேசமூர்த்திக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் டெலிவிஷன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வரிசை வீடுகளில் அதுதான் முதல் பெட்டி. ஆண்கள் வாசலில் பெஞ்சு போட்டுக்கொள்ள, கூடம் முழுக்கப் பெண்களாக இருந்தார்கள். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த ஷம்சுதீனின் மனைவி நஜ்முன்னிசாகூட நோன்பு திறந்து, தொழுது முடித்துவிட்டு வந்து சுவரோரமாக இடம் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு ஓர் ஆங்கிலப் படம் போட்டார்கள். தியேட்டரில் ஓடும் படமல்ல, டெலிவிஷனுக்கென்றே எடுத்த கிறிஸ்மஸ் காதல் கதை என்று முகாமில் கேட்டு வந்து கணேசமூர்த்தி சொல்லியிருந்தான். படம் ஆரம்பித்தது. பனி கொட்டுகிறதா, பெட்டிக்குள் பூச்சி பறக்கிறதா என்று தெரியவில்லை. யாரோ பேசினார்கள், யாரோ சிரித்தார்கள். பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கணேசமூர்த்தியின் தாய் பாக்கியலட்சுமி சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“விஜயா, இங்க வந்து உக்காரு. என் மருமக இங்கிலீஷ் படிச்சவ. எல்லாத்தையும் சொல்லுவா.”

விஜயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிரம்பான் கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். அதற்குள் கல்யாணம் கூடிவந்துவிட்டது. இந்த வீட்டில் அவளுடைய ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. மாமியார் கொடுமைக்காரி இல்லை, ஆனால் குழம்பு நன்றாக இருந்தாலும் வாய் திறந்து சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவள் நாலு பேர் முன்னால் ‘என் மருமக படிச்சவ’ என்று சொன்னதில் விஜயாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பெரிய பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். கிராமத்தில் அவளுடைய சின்னம்மா வைத்துவிட்டுப் போன வீட்டை விற்பதற்காகக் கிறிஸ்மஸ் சமயத்தில் புறப்படுகிறாள். அதுவரை ஒரு சொல்கூட மாற்றவில்லை. பிறகு கோட்டுப் போட்ட ஒருவன் வந்தான். அந்தப் பெண்ணுடைய விரலில் இருந்த மோதிரத்தைத் தடவியபடி, சீக்கிரம் திரும்பி வா, கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்றான்.

கான்வென்டில் இந்த மாதிரிக் கதைப் புத்தகங்களை விஜயா நிறையப் படித்திருக்கிறாள். முதலில் வரும் கோட்டுக்காரன் கடைசிவரை நிற்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். கிராமத்தில் வேறொருவன் வருவான், மோதிரம் கழன்றுவிடும். சொல்ல வாயெடுத்தவள், முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் ஜெயாவைப் பார்த்தாள். ஜெயாவைக் கிள்ளானில் ஒரு லாரி முதலாளியின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தையில் கல்யாணம். நிச்சயம் பண்ணிய பெண்ணை வைத்துக்கொண்டு, நிச்சயம் முறிகிற கதையை வந்து ஒரு வருடம் ஆகாத மருமகள் எப்படிச் சொல்வது?

“இவரு யாரும்மா?” என்று கேட்டாள் பூங்காவனம். எதிர்வீட்டுக்காரி. அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு கோழிகூட முட்டையிடாது.

“அவளோட அண்ணன்,” என்றாள் விஜயா.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மோதிரம் தங்கைக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த கிறிஸ்மஸ் பரிசு ஆனது. கிராமத்தில் கார் பனியில் சிக்கியபோது வந்து தள்ளிவிட்ட மரவியாபாரி, அத்தை மகன் ஆனான். “அப்ப முறைதான்,” என்று பெண்கள் நிம்மதியாகக் கால் நீட்டிக்கொண்டார்கள். அவனும் அவளும் கிறிஸ்மஸ் மரத்துக்குச் சோடனை கட்டியதை, மாமியார்கூட முகம் சுளிக்காமல் பார்த்தாள். விஜயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இல்லாத வசனத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் பட்டணத்துக் கோட்டுக்காரன் காரில் வந்து இறங்கினான். வாசல்படிக்கு மேலே ஏதோ ஒரு செடியைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நின்று அந்தப் பெண்ணின் இடுப்பை வளைத்து இழுத்து, உதட்டில் முத்தமிட்டான். அதுவரை பூச்சி பறந்த படம் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது.

நஜ்முன்னிசா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பாக்கியலட்சுமி மகளின் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். யாருடைய மடியிலிருந்தோ கச்சான் கடலைப் பொட்டலம் சரிந்து தரையெல்லாம் உருண்டது.

“கூடப் பொறந்தவனா?” என்றாள் பூங்காவனம்.

உண்மையைச் சொல்லிவிட அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“கிறிஸ்மஸ்னா அவங்களுக்கு அப்படித்தான்க்கா. அந்தச் செடிக்குக் கீழ நின்னா, அண்ணன் தங்கச்சின்னெல்லாம் பாக்கமாட்டாங்க.”

அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? கதாநாயகி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள், மரவியாபாரியைக் கட்டிக்கொண்டாள், மணி அடித்தது, படம் முடிந்தது. காப்பி குடித்தபடி பெண்கள் அதை நார் நாராகக் கிழித்தார்கள். அத்தனை பனியில் ஒருத்திக்கும் மூக்கு ஒழுகவில்லையே என்றாள் ஒருத்தி. பண்டிகை வீட்டில் படம் முடிகிறவரை அடுப்பு எரியவே இல்லை என்றாள் இன்னொருத்தி. பச்சை மரத்தை வெட்டிக் கூடத்தில் நட்டு வைத்து நாலே நாளில் சாகவிடுவதில் என்ன அழகு என்று நஜ்முன்னிசா கேட்டாள். பெண்ணுக்கு அப்பன் ஆத்தாளே கிடையாதா, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணமா என்று பாக்கியலட்சுமி முணுமுணுத்தாள். ஆனால் எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்த அண்ணன் தங்கையிடமே வந்து நின்றது. ஜெயா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் சமாச்சாரம் தெருவைத் தாண்டிப் போனது. பக்கத்துக் கம்போங்கில், பல தலைமுறையாக மலாய் பேசியே வாழ்ந்த செட்டி வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் வராது. அவர்களுக்குப் பூங்காவனம் மலாயிலேயே விளக்கிவிட்டாள்.

அந்தத் தெருவின் கோடிவீட்டில் சலேத்மேரி இருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் ஓடித்திரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். கிறிஸ்மஸ் அன்று வேலை இருந்ததால் அவள் படம் பார்க்க வரவில்லை. தனியாக இருக்கும் தங்கையோடு பண்டிகையைக் கழிக்க, மூவாரிலிருந்து அவளுடைய அண்ணன் அருளப்பன் வந்திருந்தார்.

வருடாவருடம் மிஸி வீட்டு அச்சுமுறுக்கும் கேக்கும் தெரு முழுக்கப் போகும். இந்த முறை வாங்கியவர்கள் கதவுக்கு வெளியிலேயே நின்று வாங்கினார்கள். சிலர் தட்டை மூடியபடியே திருப்பி அனுப்பினார்கள். அண்ணனும் தங்கையும் பஸ்ஸுக்கு நடந்து போனால் ஜன்னல்கள் திறந்தன. வாசற்கதவில் மிஸி தொங்கவிட்டிருந்த பச்சைத்தழை வளையத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் செட்டி வீட்டுப் பெண்ணொருத்திதான், உங்கள் மதத்தில் இப்படியாமே என்று வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தாள்.

மிஸி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு மத்தியானம், பாக்கியலட்சுமி தூங்கும் நேரத்தில் வந்து, விஜயாவுக்குப் பக்கத்தில் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள்.

“என் அண்ணன் முகத்த என்னால பாக்க முடியலம்மா,” என்றாள். “அம்மா செத்ததுக்கு அப்புறம் என்ன வளத்து நர்சுக்குப் படிக்க வச்சவரு. யாரோ படத்த அரகொறயாப் புரிஞ்சுக்கிட்டு என்னவோ சொல்லியிருக்காங்க. நீ கான்வென்டுல சிஸ்டர்ஸ்கிட்டப் படிச்ச பொண்ணு. அந்த எடத்துல நீயாவது அது தப்புன்னு சொல்லியிருக்கலாமே?”

சொன்னவள் விஜயாதான் என்று மிஸிக்குத் தெரியாது. இவளை நம்பித்தான் வந்திருக்கிறாள். விஜயாவின் கையிலிருந்த வெங்காயம் நழுவி விழுந்தது. தான் சொன்ன நாலு வார்த்தை அந்தக் கோடிவீடுவரை போய் ஒரு மனுஷரை நடைப்பிணமாக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

“நான்தான் மிஸி சொன்னேன்,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மிஸி திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து, புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

புத்தாண்டு அன்று பெண்கள் மறுபடியும் பெட்டிக்கு முன்னால் கூடினார்கள். கணேசமூர்த்தி சுவிட்சைத் தட்டப் போனபோது விஜயா தடுத்தாள். கூடத்து நடுவில் நின்று அந்தப் படத்தின் கதையை முதலிலிருந்து சொன்னாள். அவன் அண்ணனில்லை, நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை. இவன் அத்தை மகனில்லை, முன்பின் தெரியாதவன். அந்தச் செடிக்குக் கீழே முத்தமிடுவது காதலர்களுக்குள் ஒரு விளையாட்டு, அண்ணன் தங்கைக்கு அதில் வேலையில்லை. மிஸியின் மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை. சொன்னதெல்லாம் என் பொய்.

ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். விழத்தான் செய்தது, ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்திலிருந்து இல்லை.

“ஏன், எங்களுக்கு உண்மைய சொன்னா என்ன?” என்றாள் பூங்காவனம். “நாங்க என்ன பால்குடிப் புள்ளைங்களா? ஒரு பொம்பள புடிக்காதவன வேணாம்னு சொல்றது, அண்ணன் தங்கச்சி அசிங்கத்த விட மோசமாப் போச்சா ஒனக்கு? ஒன் பேச்சக் கேட்டு நான் போயி அந்த மிஸி வீட்டுத் தட்டத் திருப்பி அனுப்புனேனே.” சொல்லிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால்தானே மோதிரத்தைத் திருப்பினாள், அதில் என்ன பாவம் என்று நஜ்முன்னிசா மெல்லக் கேட்டாள். இந்தப் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று விஜயா எதை மறைத்தாளோ, அதை இவர்கள் மிளகாய் கிள்ளுவது போல் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஜெயா கேட்டாள்.

“அண்ணி, மோதிரத்தத் திருப்பிக் குடுக்கறப்ப அவ என்ன சொன்னா?”

மாமியாரின் பார்வை தன் மேல் இருப்பது விஜயாவுக்குத் தெரிந்தது. இந்த முறை அவள் மாற்றவில்லை.

“உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. ஆனா உங்களக் கட்டிக்க எனக்கு மனசு இல்ல. அப்படித்தான் சொன்னா.”

ஜெயா தலையை ஆட்டிக்கொண்டாள். அன்று பெட்டியை யாரும் போடவில்லை.

மறுநாள் காலையில் விஜயாவும் பூங்காவனமும் மிஸி வீட்டுக்குப் போனார்கள். மிஸி கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. அருளப்பன்தான் எழுந்து வந்து உட்காரச் சொன்னார். விஜயா மன்னிப்புக் கேட்டாள். அவர் மேசைவிரிப்பைத் தடவியபடி, அப்படி என்னதான் படம் அது என்று கேட்டார். அவருக்கும் முழுக் கதையையும் சொன்னாள்.

“நடுச்சாமப் பூசைக்கு யாருமே போகலியா?”

“இல்லங்க.”

“குடில்? பாலன் யேசு?”

யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள். தெருவே தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு மாறியிருக்காது. “யேசு இல்லாம கிறிஸ்மஸா?” என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமலே மத்தியான பஸ்ஸில் மூவாருக்குப் போனார். மிஸி அதன்பிறகு விஜயாவோடு பேசினாள், முகம் கோணாமல்தான் பேசினாள். ஆனால் அந்த வீட்டுக்கு டெலிவிஷன் பார்க்க மட்டும் ஒருநாளும் வரவில்லை.

பொங்கலுக்கு முன் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், கிள்ளான் மாப்பிள்ளை வேண்டாம் என்று ஜெயா சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. கணேசமூர்த்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மாமியார் இனி தன்னைச் சிரம்பானுக்கு அனுப்பிவிடுவாள் என்றே விஜயா நினைத்தாள். ஆனால் பாக்கியலட்சுமி மறுநாள் விடிந்ததும் குளித்து, நல்ல புடவை கட்டி, நிச்சயத் தட்டில் வந்த புடவையையும் நகையையும் ஒரு துணிப்பையில் வைத்துக் கட்டி, மகனைக் கூப்பிட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டாள்.

வாசலில் செருப்பை எடுத்து வைத்த விஜயாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அத்த, என் மேல கோவமா?”

பாக்கியலட்சுமி செருப்பை மாட்டினாள்.

“பொண்ணு பாக்க வந்தப்ப அந்தப் பையன் ஜெயா மூஞ்சிய ஒரு தடவகூட நிமிந்து பாக்கல. எங்க வீட்ட அளந்துக்கிட்டு இருந்தான். எனக்கு அப்பவே புடிக்கல,” என்றாள். “நாலு பேரக் கூட்டி நிச்சயம் பண்ணியாச்சு, நான் எப்படிச் சொல்றது? அவளாச்சும் வாயத் தொறக்க மாட்டாளான்னுதான் இருந்தேன்.”

மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பார்த்துவிட்டுக் களையச் சொல்லிவிட்டு, மகனோடு பஸ் பிடிக்க நடந்தாள்.

மூன்று நான்கு வருடம் கழித்து, புக்கிட் பாருவில் தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்த கருணாகரனை ஜெயா கட்டிக்கொண்டாள். இந்த முறை சரி என்று சொல்வதற்கு முன்னால் அவனோடு அரைமணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டாள். கூடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருக்க, பாக்கியலட்சுமி சமையலறையில் மருமகளுக்குப் பக்கத்தில் நின்று, காப்பியை ஆற்றோ ஆற்றென்று ஆற்றிக்கொண்டிருந்தாள்.