பக்கத்து வீட்டை விற்கவிடாத ஞாயிறுகள்

பக்கத்து வீடு விலைக்கு வந்த செய்தி எனக்குச் சுத்தியல் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு ஆள் முன்புறப் புல்தரையில் பெரிய பலகை ஒன்றை அடித்து நட்டுக்கொண்டிருந்தான். பலகையில் வீட்டின் படம் சின்னதாக இருந்தது. ஏஜென்டின் சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். ஆக்லாந்தில் நியூ லின் என்ற பகுதியில், ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தோம். தெருவில் எல்லாமே பழைய மரவீடுகள். வீடு சின்னது, சுற்றி நிலம் பெரிது. அந்த நிலத்தின் மேல்தான் எல்லோருக்கும் கண் விழுந்திருந்தது. எதிர்வீட்டை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோய்விட்டார்கள் என்றால் நிஜமாகவே கொண்டுபோனார்கள். வீட்டை நடுவில் அறுத்து, பாதியை ஒரு லாரியிலும் மீதியை இன்னொரு லாரியிலும் ஏற்றினார்கள். ஜன்னலில் திரைச்சீலை தொங்கியபடியே அது தெருமுனையில் திரும்பிப் போனதை நான் டோஸ்ட் தின்றுகொண்டே பார்த்தேன். அந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசைவீடுகள் வந்தன. பீட்சா கொண்டுவருகிறவன் ஒருநாளும் சரியான கதவைத் தட்டியதில்லை.

இதெல்லாம் எங்களுக்குத் திருவிழாதான். மணல்மேடு, குழி, ஏறி விளையாடப் பலகை என்று எல்லாம் கிடைத்தது. அடுத்தவர் வீடு போகும்போது வேடிக்கை பார்க்கலாம். ஆனால் பக்கத்து வீடு எங்களுடையது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

'நாங்கள்' என்பது நானும், எங்களுக்கு மறுபக்கத்து வீட்டில் இருந்த என் தோழியும். அவர்கள் ஃபிஜியிலிருந்து வந்த குடும்பம். அவளுடைய முன்னோர் தெற்கத்திக்காரர்கள் என்றாலும் வீட்டில் இந்திதான். தமிழில் அவளுக்கு 'வா', 'போ', பிறகு ஒரு கெட்ட வார்த்தை தெரியும். அதை எங்கே கற்றாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் மலேசியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அம்மா தமிழில் கேட்பார், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். வீட்டுக்கு வெளியே நாங்கள் பேசியது முழுக்க இங்கிலீஷ்தான். இங்கே தமிழாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த கிழவரின் பெற்றோர் டால்மேஷியாவிலிருந்து வந்து மேற்கு ஆக்லாந்தில் திராட்சை போட்டவர்கள். அவரிடம் மிஞ்சியிருந்தது பின்வேலியில் படர்ந்த ஒரே ஒரு கொடி. வேலியில் ஒரு பலகை இல்லை. அந்த இடைவெளி வழியாக நாங்கள் நுழைந்து தின்போம். அவர் பார்க்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு, எங்களுக்குக் கேட்கும்படி, "இந்த வருஷம் பறவையெல்லாம் ரொம்பப் பெருசா இருக்கு" என்பார். மழை நாளில் எங்களோடு சீட்டாடுவார். கூசாமல் ஏமாற்றுவார். பிடித்துவிட்டால், "கண்ணு சரியாத் தெரியலை" என்பார். பைபிளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவரை விட்டுவிடுவதா? என் தோழி அன்றே முடிவு செய்துவிட்டாள். "யாரும் வாங்கலைன்னா அவர் போக முடியாது இல்ல?"

ஞாயிறுதோறும் மதியம் வீட்டைத் திறந்து காட்டுவார்கள். முதல் ஞாயிறு ஏஜென்ட் தெருமுனையில் அம்புக்குறி போட்ட ஒரு சின்னப் பலகையை வைத்துவிட்டு, பளபளக்கும் ஷூவோடு வாசலில் போய் நின்றார். அவர் தலை மறைந்ததும் அம்பை எதிர்ப்பக்கம் திருப்பிவைத்தோம். அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து. அதில் கார் ஒடுக்கெடுக்கிற ஒரு பட்டறையும் ஒரு சர்ச் ஹாலும் மட்டும்தான் உண்டு. எங்கள் வீட்டு மதிலில் ஏறி உட்கார்ந்து ஐஸ் சப்பிக்கொண்டு பார்த்தோம். கார்கள் உள்ளே போகும், பட்டறை நாய் குரைக்கும், கார்கள் திரும்பி வரும். ஒரு கார் மட்டும் திரும்பவே இல்லை. அதில் வந்த குடும்பத்தை சர்ச் ஹாலில் சமோவாக்காரர்கள் விருந்தாளி என்று நினைத்துச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர்கள் வீடு பார்க்க வரவேயில்லை. வயிறு நிறைந்தவர்களுக்கு வீடு எதற்கு?

அடுத்த வாரம் ஏஜென்ட் முனையில் ஆளையே நிறுத்திவிட்டார். வேறு வழி வேண்டியிருந்தது. தோழி சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "கோவிச்சுக்காதே. உங்க அம்மா அந்த மீன் பொரிக்கிறப்போ நான் என் ரூம் ஜன்னலை மூடிக்குவேன்."

கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

அம்மா கருவாடு பொரிப்பதை ஏதோ களவு வேலை மாதிரிதான் செய்வார். மழை பெய்ய வேண்டும், அல்லது பக்கத்துக் கிழவர் வெளியே போயிருக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடி, கதவிடுக்கில் துணி திணித்து, புகைபோக்கியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பொரிப்பார். வெள்ளைக்காரர் ஊரில் நமக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. நானோ அந்தத் தட்டைத் தொட்டதே இல்லை. ஆகவே அந்த ஞாயிறு காலை நான் சமையலறைக்குப் போய், அதுவும் தமிழில், "அம்மா, எனக்குக் கருவாடு வேணும்" என்றதும், அவர் கையைத் துடைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லை. சாப்பிடணும்போல இருக்கு."

"மூஞ்சியச் சுளிக்காம திம்பியா?"

"திம்பேன்."

அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட மலர்ந்ததில்லை. கருவாட்டோடு நிற்கவில்லை. கூனிறாலைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய பெலாச்சானையும் எடுத்து, சம்பலுக்கு வாட்டினார். அம்மா கொடியில் துணி எடுக்கப் போன நேரத்தில் நான் பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைத் திறந்தேன். தோழி தன் வீட்டு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, பொத்தானை மூன்றில் போட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பெண்மணி கழுத்துத் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கணவர் சாக்கடையைப் பற்றி விசாரித்தார். ஏஜென்ட் பளபளக்கும் ஷூவோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் ஜன்னலுக்குக் கீழே தரையில் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்க, தட்டை முழுதாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத் தோழியிடம் சொல்லவில்லை.

மறுநாள் மாலை கிழவர் வேலி இடைவெளியில் வந்து நின்றார்.

"பறவைகளா, இங்க வாங்க."

போனோம்.

"அம்புக்குறி நீங்க. தெரியும். நேத்து மீன்?"

என் தோழி வானத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ஏன்?"

"நீங்க போகக் கூடாது" என்றேன்.

அவர் யாராவது கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "எனக்குப் போகணும். புக்கெகோஹியில என் மக இருக்கா. அவ வீட்டுப் பக்கத்துல ஒரு பௌல்ஸ் கிளப் இருக்கு. புல்லுல பந்து உருட்டுற ஆட்டம். அந்தக் கிளப்புல ஒரு அம்மா இருக்காங்க. நீல நிறத் தொப்பி போட்டுக்குவாங்க."

எங்களுக்கு விளங்கச் சற்று நேரமானது. முதலில் தோழிக்கு விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இங்கேயே உக்காந்திருந்தா வேற எவனாவது அவங்களோட ஜோடி சேர்ந்து ஆடிடுவான்" என்றார் அவர், மிகவும் கவலையாக. "அதனால தயவுசெஞ்சு வீட்டை விக்க விடுங்க."

அவருக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம், அவருக்குப் போகத்தான் ஆசையாம். கோபம் வந்தது. ஆனால் ஒரு கிழவருடைய காதலுக்கு நாங்கள் குறுக்கே நிற்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு நாங்களே புல்தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

ஆனால் அம்மாவை மறந்துவிட்டோம். மகள் கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அவர் கடைக்குப் போய் ஒரு பெரிய பாக்கெட் வாங்கி வந்திருந்தார். ஞாயிறு மதியம் நான் இலை பொறுக்கிவிட்டு வந்தபோது எண்ணெய் சூடாகியிருந்தது.

"அம்மா, இன்னிக்கு வேணாம்."

"போன வாரம் தட்ட வழிச்சி நக்குன. இப்ப என்னா வேணாம்?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். விசிறிவரை. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப உனக்குக் கருவாடு பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. சத்தியமா."

"சரி. சட்டியில போட்டாச்சு. பாதியில நிறுத்துனா இன்னும் மோசமா நாறும் லா. ஜன்னல மூடு."

மூடினோம். எல்லாவற்றையும் மூடினோம். விஷயத்தைக் கேட்ட கவனத்தில் அம்மா அடுப்பை மறந்திருந்தார் போல. சட்டியில் கருவாடு கருகி, புகை மண்டி, கூரையில் இருந்த அலாரம் அலற ஆரம்பித்தது. நான் நாற்காலியில் ஏறி அதைத் துணியால் விசிறினேன். அம்மா முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்தார். அதுவரை அடைந்து கிடந்த வாசனை மொத்தமும் திரண்டு பக்கத்து வீட்டுக்குள் போனது. வேலிக்கு அப்பால் என் தோழி, கையில் இலைகளோடு, தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சுடிதார் போட்டிருந்தார். பின்னால் அவர் கணவர் சங்கடத்தோடு நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார் அந்தப் பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "நாங்கள் பக்கத்து வீடு பார்க்க வந்தனாங்கள். கருவாடு பொரிக்கிறது நீங்களோ?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஆமாங்க. மன்னிச்சிடுங்க. கருகிப் போச்சு. எப்பவும் ஜன்னல மூடிட்டுத்தான் செய்வேன்."

"இல்லை, இல்லை. நான் ஒண்டு கேக்கத்தான் வந்தனான். இப்பிடித் திறந்து வச்சுப் பொரிச்சா இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினமோ?"

அம்மா யோசித்தார். நானும் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

"யாரும் ஒண்ணும் சொன்னதில்லமா. நானா பயந்துகிட்டு மூடி வச்சிருந்தேன்."

அந்தப் பெண் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களே?" பிறகு அம்மாவிடம் சொன்னார்: "நாங்கள் வாடகைக்கு இருக்கிற யூனிட்டில மேல் வீட்டுக்காரி ஏஜென்டிட்டச் சொல்லிப்போட்டா. இஞ்ச வந்து ரெண்டு வருசமா நான் ஒரு துண்டு கருவாடு பொரிக்கேல்லை அக்கா. வெங்காயம் வதக்கவே பயம்."

அம்மா உள்ளே வரச்சொன்னார். கருகாத துண்டுகளைப் பொறுக்கி எடுத்துச் சோற்றோடு போட்டுக் கொடுத்தார். கணவர் முதலில் வேண்டாம் என்றார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஏஜென்ட் அவர்களைத் தேடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது இருவரும் விரல் சூப்பிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் அந்த வீட்டுக்குப் போட்டி போடவில்லை. வெள்ளைக் கால்சட்டைக்காரர்கள்கூடத் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் கருவாடு தின்றவர்களே வாங்கினார்கள்.

கிழவர் போன அன்று அழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். அவரோ முடி வெட்டி, தாடி மழித்து, மாப்பிள்ளை மாதிரி மகளுடைய காரில் ஏறினார். அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கார் திரும்பிய பிறகு தோழி கொஞ்சம் அழுதாள். தூசி விழுந்துவிட்டது என்றாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீலத் தொப்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லோரையும் பார்க்க வந்தார். ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் அவதான் ஜெயிக்கிறா. ஏமாத்தவும் விடமாட்டேங்கிறா" என்று என் காதில் சொன்னார்.

புது ஆன்ட்டி வீட்டில் 'ஓம்', எங்கள் வீட்டில் 'ஆமா'. என் தோழி இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவள் என்பதால் இரண்டையும் கலந்து 'ஓமா' என்று சொல்லத் தொடங்கினாள். யாரும் திருத்தவில்லை.

பிறகு அந்த வீடும் போனது. ஆன்ட்டியின் பிள்ளைகள் வளர்ந்ததும் விற்றுவிட்டார்கள். ஒரு பில்டர் இடித்துத் தள்ளி, குறுகலாக ஆறு வீடு எழுப்பினார். நாங்கள் பாட்டனி டவுன்ஸுக்கு மாறினோம். எங்கள் பழைய வீட்டையும் இடித்தாகிவிட்டது. அந்த ஆறு வீட்டில் ஒன்றை வாங்கியது யார் தெரியுமா? என் தோழிதான். "இந்த இடத்தை யாரும் வாங்கக் கூடாதுன்னுதானே அம்பைத் திருப்பினோம்?" என்று கேட்டால், "மார்ட்கேஜ் கட்டுறவகிட்ட அதையெல்லாம் பேசாதே" என்கிறாள்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் பழைய நிலத்தில் இப்போது கட்டட வேலை நடக்கிறது. வேலையாட்களுக்கான பிளாஸ்டிக் கழிப்பறையை அவள் வீட்டு வெளித்தளத்தை ஒட்டினாற்போல வைத்திருந்தார்கள். காபி குடிக்க வெளியே உட்கார முடியவில்லை. அன்று வேலை இல்லை, ஆளும் இல்லை. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நமக்கு வயசாச்சு" என்றேன்.

"அதனாலதான் ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளணும்."

தள்ளினோம். நினைத்ததைவிடக் கனம். உள்ளே ஏதோ குலுங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி தள்ளி, தெருப்பக்கத்து மூலைவரை கொண்டுபோய் விட்டோம். திங்கட்கிழமை காலை அவள் எனக்குப் போன் செய்தாள். வேலையாட்கள் அதைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இந்த முறை கதவு அவள் சமையலறையைப் பார்த்திருக்கும்படி வைத்துவிட்டார்களாம்.