மூச்சுக்குள் போனது

முதுநகரில் மீன் விற்கும் தனத்தின் நுரையீரல் ஆழத்தில் ஏதோ கட்டி என்றார்கள். மகள் வெண்மதி புற்றுநோய் என்று பயந்து அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். அங்கே ரோபோ செலுத்திய மெல்லிய குழாய் மூச்சுக்குழலின் கடைசிக் கிளைவரை நுழைந்து, சதை மூடிக் கிடந்த பல் துண்டொன்றை எடுத்தது.

தனத்துக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கேட்டார். "இது எப்படிம்மா உள்ள போச்சு?"

"வழுக்கி உழுந்துட்டா சார்," என்றான் கூட வந்திருந்த புருஷன் சிங்காரம்.

"பொய் சார்," என்றாள் தனம். "இந்தாளு துடுப்பால என் வாயிலயே அடிச்சாரு. ஒடஞ்ச பல்ல ரத்தத்தோட முழுங்கிட்டேன்னு நெனச்சேன்."

சிங்காரம் பாய்ந்து அவள் மயிரைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினான். வெண்மதி அவன் கையைக் கடித்தாள். காவலாளிகள் அவனை இழுத்துப் போனார்கள்.

நெற்றியில் தையலோடு தனம் போலீசில் புகார் கொடுத்தாள். பிறகு முதுநகருக்குத் திரும்பவில்லை. சிதம்பரத்தில், மகள் வீட்டுத் தெருவிலேயே மீன் விற்கிறாள்.