ஜப்பான் வண்டிக்கு அரக்கு வர்ணம்

எழுபதுகளின் நடுவில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். அப்பாவும் நானும் ஒரே தறியில் வேலை செய்துகொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால் அப்பா வேலை செய்தார், நான் எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. தறிப்பள்ளத்தில் காலை விட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே உடம்பெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தால் பக்கத்து ஊரான முசரவாக்கம் வரை போய்விட்டுத்தான் திரும்புவேன். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருவர் குறுக்கு நூல் கோத்த நாடாவை ஓட்டினால், கரைக்கு இன்னொருவர் பக்கத்திலேயே இருந்து ஓட்ட வேண்டும். நான் எழுந்தால் அப்பாவின் கையும் நின்றுவிடும். பாவம், நாடாவைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஜப்பான் வண்டிதான் என்பது அவர் முடிவு. பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய என் தாய்மாமன், அங்கே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டி, கப்பலில் கொண்டுவந்து, கல்யாணத்துக்கு எனக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிள் அது. சதுர ஹெட்லைட், டேங்க்கின் இரண்டு பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி குரோமியம், முட்டி படும் இடத்தில் ரப்பர். ஊரில் மற்றவர்கள் உதைத்து உதைத்து வேர்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு பொத்தானை அமுக்குவேன், கிளம்பிவிடும். சங்கிலி முழுக்கத் தகட்டுக்குள் மூடியிருக்கும், பின்னால் உட்காரும் பெண்களுக்குப் புடவை மாட்டுமோ என்ற பயமே இல்லை. அப்படி ஒரு வண்டி சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சின்ன காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் தேரடியில் அதைப் பார்த்துவிட்டார். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அபூர்வமான பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து ஷெட் நிறைய வைத்திருப்பவராம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்க்கைத் தடவினார். குனிந்து இன்ஜினுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, "ஒரு சொட்டு ஆயில் ஒழுகலையே!" என்று சிரித்தார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்பா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. "எடுத்துக்கினு போங்க சார், இவனும் ஒழுங்கா உக்காருவான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாக்கை மீறி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை வேன் கொண்டாறேன். ஒண்ணே ஒண்ணு, பெயின்ட்டைத் தொட்டுடாதீங்க. கீறல் இருந்தா இருக்கட்டும், மங்கியிருந்தா மங்கியிருக்கட்டும். கம்பெனி அடிச்ச பெயின்ட் அது. அது போச்சுன்னா எனக்கு வண்டியே வேணாம்" என்றார் அவர். பழசு பழசாகவே வேண்டுமென்று ஒரு மனிதர் கேட்டது அப்பாவுக்கு விளங்கவே இல்லை.

அந்த வாரம் நான் பட்ட பாடு! சோறு இறங்கவில்லை. தறியில் இழை இழையாக அறுத்தேன். ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்று மணலில் உட்கார்ந்தேன், அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே, வண்டியைப் பார்க்கவே பொறுக்காமல் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெங்களூர் பஸ் நின்றிருந்தது. ஏறிவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. ஒரு காலைப் படியில்கூட வைத்துவிட்டேன். அப்புறம் என்னவோ இறங்கிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினால், வாசலில் என் வண்டி அரக்குச் சிவப்பில் நிற்கிறது! ஓரமெல்லாம் கிளிப்பச்சை. குரோமியத்தின் மேலும் பூச்சு. டேங்க்கில் இந்தப் பக்கம் ஒரு மயில், அந்தப் பக்கம் ஒரு மயில். கையில் பிரஷ்ஷோடு என் மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

அவர் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுபவர். உற்சவத்துக்கு முன்னால் கருடனும் யானையும் குதிரையும் அவர் கையில் புதுசாகித்தான் வெளியே வரும். "பெரிய மனுசர் வீட்டுக்குப் போற வண்டி, மங்கலா அனுப்பினா நல்லாவா இருக்கும்னு பொண்ணு கூப்ட்டுச்சு மாப்ள. காலையிலேர்ந்து ஒக்காந்துட்டேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமனாரை ஒன்றும் சொல்ல முடியாமல் உள்ளே போய் மனைவியிடம் கத்தினேன். "அறிவு இருக்குதா உனக்கு? அந்த ஆளு என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்று அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

பட்டு நூல் வாங்கக் காலையிலேயே வெளியூர் போயிருந்த அப்பா அப்போதுதான் திரும்பினார், வண்டியைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போயிற்று. ஆனால், கூலி வாங்காமல் நாள் முழுக்க உழைத்த சம்பந்தியை எந்த வாயால் திட்டுவது? "காபி குடிங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேன் வந்தது. இறங்கிய மெட்ராஸ்காரர் மயிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். "அடக் கொடுமையே! கொன்னுட்டீங்களேப்பா!" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேன் காலியாகத் திரும்பிப் போனது.

எனக்குச் சந்தோஷப்படுவதா, என் வண்டியைப் பார்த்து அழுவதா என்று தெரியவில்லை. சாயங்காலம் மனைவி தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, "ஆத்துல தண்ணி வந்திருக்குதாம், போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றாள். முறுக்கிக்கொண்டுதான் கிளம்பினேன். ஓரிக்கை நெருங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"அன்னிக்கு அந்த சார் பேசினதெல்லாம் கதவு பின்னால நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். "தெரிஞ்சேவா பண்ணே?"

"தெரிஞ்சேதான். எங்கப்பா கையால செஞ்சா மாமா எதுவும் கேக்க மாட்டாரு."

"எதுக்கு?"

"வண்டி போச்சுன்னா நீங்க தறியில உக்காந்துடுவீங்கன்னு மாமா நெனைக்கிறாரு. நீங்களாவது, உக்கார்றதாவது! ஒரு நாள் பஸ் ஏறிப் போயிடுவீங்க, நான் தெருவைப் பாத்துக்கினு நிப்பேன். வண்டி இருந்தா எங்க சுத்தினாலும் பொழுது சாய வீடு வந்து சேர்றீங்க இல்ல?"

படியில் காலை வைத்தது இவளுக்கு எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்குப் போனதை அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் முதல் மத்தியானம்வரை தறி, அப்புறம் வண்டி என்று அப்பாவுடன் ஒரு உடன்பாட்டுக்கு வந்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். கால் அரிப்பு முழுக்கப் போய்விடவில்லை, இன்றும் இருக்கிறது.

வண்டியும் இருக்கிறது. பழைய வண்டி தேடி இப்போதும் யாராவது வருகிறார்கள். மயிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சுரண்டி எடுத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், செலவு எங்களுடையது என்கிறார்கள். விரல் வைக்க விட்டதில்லை. அவர்களுக்கு அது வண்டியைக் கெடுத்த பூச்சு. எனக்கோ, ஓடிப்போக இருந்தவனை ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குக் கூட்டிவந்த பூச்சு.